பழைய கணினியின் பக்கம் நின்று

ஜெர்மனியில் ‘நீல தேவதை’ என்றொரு முத்திரை உண்டு. சூழலுக்குக் கேடு குறைந்த பொருள்களுக்கு 1978 முதல் வழங்கப்பட்டுவருவது. மறுசுழற்சித் தாளில் செய்த நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் நச்சு குறைந்த சுவர்ப்பூச்சு டப்பாவிலும் அதைப் பார்க்கலாம். 2022இல் அந்த முத்திரை முதன்முறையாக ஒரு மென்பொருளுக்குக் கிடைத்தது. அதன் பெயர் ஓகுலர். பிடிஎஃப் போன்ற ஆவணங்களைத் திறந்து படிப்பதற்கான நிரல். கேடிஈ என்னும் கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் எழுதிப் பராமரிப்பது. பக்கம் புரட்டலாம், தேடலாம், ஓரத்தில் குறிப்பெழுதலாம். அதன் வேலை ஏறக்குறைய அவ்வளவுதான்.

தாளுக்கு மரம் வெட்ட வேண்டும், பூச்சுக்கு ரசாயனம் வேண்டும். மென்பொருளுக்காக எதை வெட்டுகிறோம், எதைக் கரைக்கிறோம்? முத்திரைக்கான விதிகளை வகுத்தவர்களிடம் இதற்கு விடை இருந்தது. அந்த விடையைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிரல் எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. நான் எழுதும் நிரலின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதே அது.

*

மென்பொருளின் மின்செலவை அளக்கும் முறை எளிமையானது. கணினிக்கும் சுவரிலுள்ள மின் இணைப்புக்கும் நடுவே ஓர் அளவியைப் பொருத்துகிறார்கள். சாதாரணப் பயனர் ஒருவர் அந்த நிரலைக் கொண்டு என்னென்ன செய்வார் என்று வரிசைப்படுத்தி, அதே வரிசையில் விசைகளையும் மவுசையும் தானே இயக்கும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுகிறார்கள். கோப்பைத் திறப்பது, பக்கம் தள்ளுவது, தேடுவது, மூடுவது. இதையே பலமுறை. கணினி சும்மா இருக்கையில் எடுக்கும் மின்சாரத்துக்கும் நிரல் வேலை செய்கையில் எடுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த நிரலின் கணக்கில் சேர்கிறது. ஜெர்மன் சூழல் முகமைக்காக 2018இல் வெளியான ஆய்வொன்று இவ்வழியில் சொற்செயலிகளை ஒப்பிட்டது. ஒரே வேலையை முடிக்க ஒரு சொற்செயலி இன்னொன்றைப் போல நான்கு மடங்கு மின்சாரம் எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

நான்கு மடங்கு எங்கே போகிறது என்பது நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். புதுச் செய்தி வந்ததா என்று நொடிக்கு நொடி சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் செயலி உண்டு. வந்தால் எழுப்பு என்று சொல்லிவிட்டு உறங்கும் செயலியும் உண்டு. நூறு பதிவுகளை ஒரே கேள்வியில் வாங்கிவிடலாம். நூறு முறை தரவுத்தளத்துக்கு நடந்தும் வாங்கலாம். ஒரு தேதியை அழகாகக் காட்டுவதற்காக முழு லைப்ரரியையும் பயனரின் போனில் கொண்டுபோய் இறக்கலாம். நாலு வரி எழுதியும் முடிக்கலாம். பிராசசர் உறங்கும் கணங்களில்தான் மின்சாரம் மிச்சமாகிறது. அதை உறங்கவிடுவதா, ஓயாமல் எழுப்பிக்கொண்டிருப்பதா என்பது நிரல் எழுதுகிறவர் எடுக்கும் முடிவு.

ஆனால் அந்த முத்திரைக்கு அளவியின் கணக்கு மட்டும் போதாது. ஐந்தாண்டுப் பழைய கணினியிலும் நிரல் ஓட வேண்டும். விளம்பரம் கூடாது. வேண்டாத பகுதிகளை விட்டுவிட்டு நிறுவ முடிய வேண்டும். பிடிக்காவிட்டால் முழுதாக நீக்கவும் முடிய வேண்டும். இணையம் தேவைப்படாத வேலைக்கு இணையம் கேட்கக் கூடாது. கோப்புகள் வேறு நிரலிலும் திறக்கும்படி இருக்க வேண்டும். விளம்பரத்துக்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் தோன்றும். தொடர்பு இருக்கிறது. இந்த விதிகள் எல்லாம் பயனரைத் தன்னிடமுள்ள இயந்திரத்தோடு மேலும் சில ஆண்டுகள் இருக்கவிடுகின்றன. மென்பொருள் பூமிக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி, புதிய இயந்திரம் ஒன்றை வாங்கும்படி வற்புறுத்தாமல் இருப்பதுதான்.

*

ஒரு திறன்பேசி தன் வாழ்நாள் முழுதும் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, நாம் அதை முதன்முறை ஒளிரவைக்கும் முன்பே சேர்ந்துவிடுகிறது. சுரங்கம், உருக்காலை, சில்லு செய்யும் ஆலை என்று வரும் வழியிலேயே அந்தக் கடன் ஏறிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் வெளியிடும் அறிக்கைகளே பல போன்களுக்கு இதை ஐந்தில் நான்கு பங்கு என்கின்றன. சார்ஜ் ஏற்றுவதில் மிச்சம் பிடிப்பதைவிட, அந்த போனை மேலும் இரண்டாண்டு வைத்திருப்பது பெரிய காரியம்.

ஒரு கருவி சாவது பெரும்பாலும் உடைந்து அல்ல. அதன் திரையும் விசைகளும் நலமாக இருக்கும்போதே மென்பொருள் அதைக் கைவிட்டுவிடுகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் பட்டியலிட்ட பிராசசர்களையும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் இதனால் சுமார் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023இல் மதிப்பிட்டது. பின்னர் தனிப்பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. பாதுகாப்பு என்ற காரணம் பொய்யில்லை, தாக்குதல்கள் உண்மையானவை. இருந்தாலும் கோடிக்கணக்கான இயந்திரங்களின் ஆயுளை ஒரு நிறுவனத்தின் தகுதிப் பட்டியல் நிர்ணயிக்கிறது என்றால், அந்தப் பட்டியலை எழுதுவதும் சூழல் குறித்த முடிவுதான். அதை எழுதுகிற அறையில் சூழலுக்காகப் பேசும் ஆள் இருந்தாக வேண்டும்.

சட்டம் இதை மெல்லத்தான் உணர்கிறது. 2018இல் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய போன்களைத் தளரவைத்த அப்டேட்டுகளுக்காக ஆப்பிள், சாம்சங் இரண்டுக்கும் அபராதம் விதித்தது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு போன் மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டுகளுக்கு அதன் இயங்குதளத்துக்கு அப்டேட் கிடைத்தாக வேண்டும் என்பது விதி. மென்பொருளைப் பேணுவதும் பொருளைப் பேணுவதே என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐநா அமைப்புகளின் உலக மின்கழிவு அறிக்கையின்படி 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களின் சந்துகளுக்குப் போய்ச்சேர்கிறது. அங்கே கம்பியை எரித்துச் செம்பும், அமிலத்தில் ஊறவைத்துப் பிற உலோகங்களும் பிரிக்கிறார்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுத்துவோம் என்று தட்டச்சு செய்யப்படும் ஒரு வரி, கடைசியில் இந்தத் தொழிலாளரின் நுரையீரலில் வந்து இறங்குகிறது. நடுவில் பல நாடுகளும் பல கைகளும் இருப்பதால் அந்த வரியை எழுதியவருக்கு இது தெரிவதில்லை.

*

1995இல் நிக்லாவுஸ் விர்த் மெலிந்த மென்பொருளுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்கல் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர். சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1984இல் டூரிங் விருது பெற்றவர். வன்பொருள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அக்கட்டுரையின் குற்றச்சாட்டு. கால் நூற்றாண்டுக்கு முன் 8,000 பைட்டில் ஓர் உரைத்திருத்தியை எழுத முடிந்தது, இப்போதைய திருத்திகள் அதைப் போல நூறு மடங்கு கேட்கின்றன என்று கணக்குக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. யூர்க் குட்க்னெஷ்ட்டுடன் சேர்ந்து ஓபெரான் என்ற முழு இயங்குதளத்தையே கட்டிக்காட்டியிருந்தார். கம்பைலரும் திருத்தியும் உட்பட அதன் மையப்பகுதி 200 கிலோபைட்டுக்குள் அடங்கியது.

ஊதிப்பெருப்பதற்கு விர்த் சொன்ன காரணங்கள் இன்றும் மாறவில்லை. அவசியமானதையும் இருந்தால் நன்றாயிருக்கும் என்பதையும் பிரித்துப்பார்க்கத் தவறுகிறோம். சீக்கிரம் வெளியிடும் அவசரம், எளிமையாக்குவதற்கான நேரத்தைத் தின்றுவிடுகிறது. விர்த் பேசியது கைவினையின் நேர்த்தியைப் பற்றி. காலநிலை அவருடைய வாதத்தில் இல்லை. 2024 புத்தாண்டு நாளில் அவர் மறைந்தார். இன்று அக்கட்டுரையைப் படிக்கும்போது அதைச் சூழலியல் எழுத்தாகவே என்னால் படிக்க முடிகிறது.

இந்த ஊதலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நிரலாளரின் ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம். பிராசசரின் ஒரு மணி நேரம் மலிவு. ஆகவே பிராசசரைச் செலவழித்து நிரலாளரின் நேரத்தைச் சேமி. நிறுவனத்தின் ஏட்டில் இது சரியான கணக்கு. ஆனால் அந்த பிராசசர் நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல. ஒரு கோடிப் பேர் தினமும் திறக்கும் செயலி தேவையின்றி ஒரு நொடி கூடுதலாக ஓடினால், ஒவ்வொரு நாளும் ஒரு கோடி நொடி வீணாகிறது. ஒரே இயந்திரம் இடைவிடாமல் ஓடினால் கிட்டத்தட்ட 116 நாள். அந்த மின்கட்டணத்தைக் கோடிப் பேர் பைசா பைசாவாகப் பகிர்ந்துகொள்வதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இப்படிச் சுமை கைமாறுவது புதிதல்ல. ஓலைச்சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எழுதுகிறவருக்கும் ஓலைக்கும் அது மிச்சம். சுமை படிக்கிறவரிடம் போனது. எது மெய், எது உயிர்மெய் என்று அடிக்கடி நின்று தெளிய வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர்கள் அதற்கென வாழ்நாளைச் செலவிட்டார்கள். அன்று எழுதியவர்களுக்கு ஓலை என்ற உண்மையான நெருக்கடி இருந்தது. எழுதுகிறவரின் வசதிக்காகச் சுமையைப் படிக்கிறவர்மேல் ஏற்றுவதற்கு நமக்கு அப்படியொரு காரணம் இல்லை.

*

சுமை இறங்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பல லட்சம் மாணவர் வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. தொடக்கத்தில் தந்த கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான இயங்குதளம் அது. அந்தக் காலத்து மடிக்கணினிக்கு 2 ஜிபி நினைவகம் தாராளமாகத் தெரிந்தது. இன்று பிரவுசரில் நாலைந்து பக்கங்களைத் திறந்தாலே அது திணறுகிறது. பாடநூல் படிப்பது, விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் எழுதுவது என்று அதன் முன் வைக்கப்படும் வேலை அப்போது இருந்ததுதான். மாறியது, அந்த வேலையைச் சுற்றி நாம் கட்டிய மென்பொருள்.

உதவித்தொகையும் ரேஷன் அட்டைத் திருத்தமும் தேர்வு முடிவும் இணையப்பக்கமாகிவிட்ட காலம் இது. விலை மலிந்த போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் விண்ணப்பப் பக்கம் ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பி, பஸ் ஏற்றி, இ-சேவை மையத்து வரிசையில் நிறுத்துகிறது. வசதி உள்ளவருக்கு அதே பக்கம் இரண்டு நொடியில் திறக்கிறது. பழைய இயந்திரத்திடம் கருணை காட்டும் மென்பொருள், அந்த இயந்திரத்தை வைத்திருக்கும் மனிதரிடமும் கருணை காட்டுகிறது. சூழல் நீதியும் சமூக நீதியும் இங்கே ஒரே நிரலின் ஒரே வரியில் சந்திக்கின்றன. பசுமை மென்பொருள் என்பதை வசதிபடைத்த நாடுகளின் மனச்சாட்சி விவகாரமாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மொழிகளின் மீதும் இந்தச் சுமை சமமாக விழுவதில்லை. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘மொழி’ என்ற இரண்டெழுத்துச் சொல் நான்கு குறியீடுகளாகி 12 பைட் பிடிக்கிறது. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகள் உரையை டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. துண்டு கூடக் கூடக் கணக்கீடும் மின்சாரமும் கூடும். 2024 மே மாதம் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது ஒரே செய்தியைப் பல மொழிகளில் ஒப்பிட்டுக் காட்டியது. முந்தைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 துண்டுகள், தமிழுக்கு 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. தமிழ் அதற்குள் சுருங்கிவிடவில்லை. வெட்டும் முறையை வகுத்தவர்கள் பிற மொழிகளையும் எண்ணிப்பார்த்தார்கள், அவ்வளவுதான். வடிவமைப்பின்போது யாரையெல்லாம் நினைத்துக்கொள்கிறோம் என்பது மின்கட்டணத்திலும் தெரிகிறது.

வரிகளைச் செதுக்குவதைவிட அடிப்படை யோசனையை மாற்றுவது பலமடங்கு பெரிய பலன் தரும் என்பதற்கு எத்தீரியம் என்னும் மறையீட்டு நாணய வலையமைப்பு சாட்சி. பரிவர்த்தனைகளைச் சரிபார்க்க உலகெங்கும் கணினிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் புதிர் விடுவித்துக்கொண்டிருந்த முறையை அது 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டது. தங்கள் நாணயத்தைப் பணயம் வைத்தவர்களைக் கொண்டு சரிபார்க்கும் முறைக்கு மாறியது. மின்செலவு 99.95 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக அதன் அறக்கட்டளை மதிப்பிட்டது. புதிய சில்லும் புதிய மின்நிலையமும் தேவைப்படவில்லை. மனிதர்கள் பல ஆண்டுகள் விவாதித்து ஒரு வழிமுறையை மாற்றி எழுதினார்கள்.

*

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு பழைய எச்சரிக்கை குறுக்கே நிற்கிறது. நிலக்கரி பற்றி 1865இல் எழுதிய பொருளியலாளர் வில்லியம் ஸ்டேன்லி ஜெவன்ஸ், சிக்கனமான நீராவி எஞ்சின்கள் நிலக்கரிச் செலவைக் குறைக்காமல் கூட்டின என்று காட்டினார். மலிவானது எங்கும் பரவுகிறது. மென்பொருளுக்கும் இது பொருந்தும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024இல் உலகத் தரவு மையங்கள் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தன. உலக மின்நுகர்வில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 2030க்குள் இது இரு மடங்குக்கும் மேலாகி 94,500 கோடி யூனிட்டை எட்டும் என்பது அதன் கணிப்பு. அயர்லாந்தில் 2015இல் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்த தரவு மையங்கள் 2023இல் 21 சதவீதம் எடுத்தன. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு சர்வரும் முன்பைவிடச் சிக்கனமாகிக்கொண்டுதான் வந்தது.

ஆகவே திறமையாக எழுதுவது பாதி வேலை. இதை எழுத வேண்டுமா என்று கேட்பது மறுபாதி. தானாக ஓடும் வீடியோ வேண்டுமா? பயனரின் ஒவ்வொரு அசைவையும் சேமித்து யாரும் திரும்பிப் பார்க்காத கிடங்கில் குவிக்க வேண்டுமா? எளிய தேடலுக்கும் மாபெரும் மொழி மாதிரியை எழுப்ப வேண்டுமா? இவற்றுக்கு விடை தொழில்நுட்பத்தில் இல்லை. எதற்காக இதைச் செய்கிறோம் என்ற தெளிவில் இருக்கிறது.

எல்லையை ஏற்றுக்கொண்டு வடிவமைப்பவர்களும் இருக்கிறார்கள். பார்சிலோனாவில் கிரிஸ் டி டெக்கர் நடத்தும் ‘லோ-டெக் மேகசின்’ 2018இல் தன் இணைய இதழுக்குச் சூரிய மின்சாரத்தில் ஓடும் பதிப்பொன்றை உருவாக்கியது. பால்கனியில் ஒரு சூரியத்தகடு, ஒரு பேட்டரி, உள்ளங்கையளவுக் கணினி. ஒவ்வொரு வாசகருக்கும் புதிதாகப் பக்கம் தயாரிக்காமல் முன்பே தயாரான பக்கத்தைக் கொடுக்கிறது. படங்கள் புள்ளிகளாகச் சுருக்கப்பட்டு ஒருவகை அச்சு ஓவியத்தின் அழகைப் பெற்றுவிட்டன. நாள்கணக்கில் மேகம் மூடினால் தளம் அணைந்துவிடலாம் என்று வாசகரிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். மருத்துவமனையும் வங்கியும் இப்படி இயங்க முடியாது. ஆனால் எல்லாமே எப்போதுமே உடனே கிடைத்தாக வேண்டும் என்ற விதியை எல்லா மென்பொருளுக்கும் யார் விதித்தார்கள் என்று அந்தத் தளம் கேட்கிறது.

காத்திருக்கக்கூடிய வேலைகள் நம்மிடமும் நிறைய உண்டு. நகலெடுத்து வைப்பது, அறிக்கை தயாரிப்பது, வீடியோவை மாற்றி அமைப்பது, மாதிரிகளைப் பயிற்றுவிப்பது. இப்படிப்பட்ட வேலைகளைச் சுத்தமான மின்சாரம் மிகுந்த நேரத்துக்கு நகர்த்தும் முறையை கூகுள் 2020இல் தன் தரவு மையங்களில் கொண்டுவந்தது. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் மாநிலத்தில், சென்னையைச் சுற்றித் தரவு மையங்கள் எழும்பிவரும் இந்த நேரத்தில், இது நம் பொறியாளர்கள் எடுத்துச்செய்ய வேண்டிய வேலை.

இதற்கெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அரசு ஒரு மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது, ஐந்தாண்டுப் பழைய கருவியிலும் மெதுவான இணைப்பிலும் அது ஓட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட்டை ஆய்வகத்திலுள்ள ஆகப் பழைய கணினியில் ஓட்டிக்காட்டச் சொல்லலாம். அதன் மின்செலவை அளந்து அறிக்கையில் எழுதச் சொல்லலாம். மின் அளவி வாங்குவது ஒரு கல்லூரிக்குப் பெரிய செலவல்ல. நிறுவனங்களில் புதிய வசதியைச் சேர்த்தவரைப் பாராட்டும் கூட்டத்தில், யாரும் பயன்படுத்தாத வசதியை நீக்கியவரையும் அதே குரலில் பாராட்டலாம். நிரல் எழுதக் கற்கும் இளைஞர், வேகமான இயந்திரத்தில் வேலை செய்வது தொடக்கம் மட்டுமே என்றும், பழைய இயந்திரத்திலும் அது ஓடிய பிறகே வேலை முடிந்தது என்றும் பழகிக்கொண்டால், இந்தத் தொழிலின் அறம் தானாகவே மாறத் தொடங்கும். உலகில் நிரல் எழுதுகிறவர்களில் கணிசமானோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இதை வேறு யாரோ தொடங்கட்டும் என்று காத்திருக்க நமக்கு நியாயமில்லை.